அழைப்பும் வருகையும்: இவான் இலிச்சின் உரையை வாலாஜாபாத்திலிருந்து வாசித்தல்

சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் குருசேகரத்திற்கு வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து ஒரு மடல் வந்தது. அச்சபையைச் சார்ந்த இளைஞர் பன்னிருவர் தங்கள் கோடை விடுமுறையில் நான்கு வாரங்கள் எம்மிடையே தங்கித் தொண்டாற்ற விழைகின்றனர். முதல் இரு வாரங்கள் வேடந்தாங்கலில் பறவைப் பாதுகாப்புப் பணியிலும், எஞ்சிய இரு வாரங்கள் சிற்றூர்ப் பிள்ளைகளிடையே சமுதாயப் பணியிலும் ஈடுபட ஆயத்தமாயுள்ளனர். செலவு முழுவதையும் அவர்களே ஏற்பர். மடல் அன்பு நிறைந்தது. குறை கூறத்தக்க சொல் ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் அவர்களுடைய கோடை விடுமுறை சூலை மாதத்தில் வருகிறது. வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் வழியாகத் தெற்கே சென்றால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள அந்த ஏரியில் பறவைகள் பெருங்கூட்டமாக வந்து தங்குவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டி; நவம்பர் முதல் மார்ச்சு வரை அதன் சிறந்த காலம். சூலையில் ஏரி வறண்டு கிடக்கும். பறவைகள் இல்லாத மாதத்தில் பறவைகளைக் காக்க வருகிறவர்களுக்கு என்ன விடை எழுதுவது என்று சேகரக் குழுவில் பேச்சு எழுந்தது. விடை எழுதும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது.

விடை எழுதுமுன், இறையியல் மாணவனாக இருந்த நாள்களில் நான் முதன்முதல் வாசித்த ஓர் உரையை மீண்டும் எடுத்துப் படித்தேன். இவான் இலிச் 1968 ஏப்ரல் 20 ஆம் நாள், மெக்சிக்கோவின் சிற்றூர்களில் கோடைத் தொண்டு புரியச் செல்லவிருந்த வட அமெரிக்க மாணவரிடையே ஆற்றிய உரை அது. நல்ல எண்ணங்களை நரகத்திற்குப் போகச் சொல்லும் கடுமையான தலைப்புடன் அது அச்சேறி, உலகெங்கும் இறையியல் நிலையங்களில் கைமாறி வந்துள்ளது. நம் வாசகருள் பலர் இலிச்சை, 1971 இல் வெளிவந்த, பள்ளிக் கல்வியைக் கண்டித்த அவரது நூலின் வாயிலாக அறிவர். அவர் 1926 இல் வியன்னாவில் பிறந்தவர். கத்தோலிக்கக் குருவாகி நியூயார்க் நகரில் போர்ட்டோ ரிக்கோ மக்களிடையே பணியாற்றியவர். பின்னர் குவெர்னவாக்காவில் ஒரு நிலையத்தை நிறுவி, இலத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட அருட்பணியாளருக்கு மொழியும் பண்பாடும் கற்பித்தவர். 1969 இல் குருத்துவப் பணியை விட்டு விலகினார். ஆகவே தொண்டர்களைக் கண்டித்த அவர் தொண்டின் பகைவரல்லர். அதனை உள்ளிருந்து அறிந்தவர்.

அவ்வுரையின் வலிமை எங்கே உள்ளது? தொண்டர்கள் தீயவர் என்று அவர் கூறவில்லை. அவர்கள் நல்லவர்கள் என்பதே அவருக்கு இடர். தங்கள் உதவியால் பெரும் பயன் இல்லை என்பதை அம்மாணவர்கள் தாமே ஆய்ந்து உணர்ந்திருந்தனர்; அதனைக் கூட்டங்களில் ஒப்புக்கொண்டும் இருந்தனர்; அவ்வாறு ஒப்புக்கொண்ட பின்னரும் அடுத்த கோடையில் புறப்பட ஆயத்தமாயினர். தங்களைக் கண்டிக்கவென்றே ஒருவரை அழைத்து, கண்டனத்தைக் கைதட்டி ஏற்று, பயணச் சீட்டையும் வாங்கிக்கொள்ளும் இந்த மனநிலையையே இலிச் மாய்மாலம் என்றார். இதனை வாசிக்கும்போது நம்முடைய பல கருத்தரங்குகளும், பாவ அறிக்கையை உருக்கத்துடன் சொல்லி முடித்துப் பழைய வழியே நடக்கும் நம் ஞாயிற்றுக்கிழமைகளும் என் நினைவுக்கு வருவதைத் தடுக்க இயலவில்லை.

இரண்டாவதாக அவர் மொழியைக் குறித்துக் கூறியது. ஊராரின் மொழி அறியாதவர் அவ்வூரில் செவிடரும் ஊமையருமாக இருக்கின்றனர். தாங்கள் என்ன செய்கின்றனர் என்பதையும், தங்களைப் பற்றி மக்கள் என்ன எண்ணுகின்றனர் என்பதையும் அவர்கள் அறிய வழியில்லை. ஏழைகளுக்கு உழைத்தே தீரவேண்டும் எனில் உங்கள் நகரின் சேரிகளிலேயே உழையுங்கள், அங்குள்ளோர் உங்களை வெளியே போகச் சொன்னால் அதுவாவது உங்களுக்குப் புரியும் என்பது அவர் அறிவுரை. இப்பகுதியை நான் மாணவனாக வாசித்தபோது ஒரு சாமர்த்தியமான பேச்சு என்றே எண்ணினேன். பின்னர்தான் அது என்னைப் பற்றியதும் ஆகும் என்று அறிந்தேன்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு சேகரத்தில் ஆயராக இருந்தபோது, வெளிநாட்டு இளைஞர் குழு ஒன்று அங்கு வந்து, பள்ளியின் சுற்றுச்சுவருக்கு வண்ணம் பூசியது. அதே சபையில் வெள்ளையடிப்பதையும் வண்ணம் பூசுவதையும் தொழிலாகக் கொண்ட மூவர் இருந்தனர். அவர்களுக்கு அவ்வாரம் வேலை இல்லை. மூவரும் புளிய மரத்து நிழலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். ஏணியைப் பிடித்துக்கொள்ளும்படி மட்டும் இருமுறை அழைக்கப்பட்டனர். விருந்தினர் யானையையும் கிளியையும் வரைந்து, இறுதியில் ஓர் ஒட்டகச்சிவிங்கியையும் வரைந்தனர். அவ்வழியே வந்த மூதாட்டி ஒருவர் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம், “ஏன் ஐயா, இவங்க ஊருல சுவரே கெடையாதா?” என்று கேட்டார். அவர் என்ன சொல்கிறார் என்று குழுத் தலைவி ஆவலுடன் வினவினார். மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார், உங்களுக்கு நன்றி கூறுகிறார் என்று மொழிபெயர்த்தேன். அப்பெண் மூதாட்டியைக் கட்டித் தழுவிக் கண்ணீர் விட்டார். அந்த நிழற்படம் அவர்களுடைய சபையின் அறிக்கையில் வெளியானது. பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் பூசிய வண்ணமாதலால் அடுத்த மழைக்கே உரிந்து விழுந்தது. அம்மூவரையும் அழைத்து, சபை நிதியிலிருந்து கூலி கொடுத்து, மீண்டும் வெள்ளையடித்தோம்.

இந்நிகழ்ச்சியில் விருந்தினரின் குற்றம் சிறிது. மொழிபெயர்த்தவனின் குற்றம் பெரிது. ஊமையரையும் செவிடரையும் பற்றிப் பேசிய இலிச், இடையில் நின்று இருவரையும் அவ்வாறு ஆக்கும் உள்ளூர்ப் போதகரை மறந்துவிட்டார். வெளிநாட்டுத் தொண்டு நம் நாட்டில் நிலைபெறுவதற்கு வெளிநாட்டார் மட்டும் காரணமல்லர். அவர்களுடைய வருகையால் நமக்குச் சிறிது பெருமையும், சபைக்குச் சிறிது நன்கொடையும், பேராயத்தில் நம் பெயருக்குச் சிறிது வெளிச்சமும் உண்டு. இவ்விதழை வாசிக்கும் ஆயர்கள் இதனை மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இலிச் பேசிய காலத்தில் தொண்டரை அனுப்பியவை மாணவர் அமைப்புகளும் திருச்சபைகளும் அரசுகளுமே. இன்று இது ஒரு வாணிபமாகவும் வளர்ந்துள்ளது. தொண்டு புரிய விரும்புவோர் இடைநிலை நிறுவனத்திற்குக் கட்டணம் செலுத்துகின்றனர். நிறுவனம் அவர்களுக்கு ஏற்ற திட்டத்தை ஏற்பாடு செய்கிறது. பணம் செலுத்துகிறவரே வாடிக்கையாளர் என்பது எந்த வாணிபத்திற்கும் பொதுவிதி. எனவே இங்கு மனநிறைவு பெறவேண்டியவர் தொண்டரே. ஊரும் விலங்கும் பிள்ளையும் அம்மனநிறைவுக்குரிய பொருள்களாகின்றன. இதன் விளைவு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் சிங்கக்குட்டிகள் சான்று. தாயை இழந்த குட்டிகளைப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்துக் காட்டில் விடுவதாக நம்பி, இளைஞர்கள் பணம் செலுத்தி அங்குச் சென்றனர். அக்குட்டிகள் தாயை இழந்தவை அல்ல, தாயினின்று பிரிக்கப்பட்டவை; வளர்ந்தபின் வேலியிட்ட நிலங்களில் வேட்டையாடுவோருக்கு இலக்காக விற்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. 2015 இல் வெளிவந்த ‘பிளட் லயன்ஸ்’ என்னும் ஆவணப்படம் இதனை உலகறியச் செய்தது. குட்டியை மடியில் வைத்துக்கொண்ட பெண்ணின் அன்பு பொய்யன்று. அந்த அன்பே அத்தொழிலின் முதலீடாயிற்று.

பிள்ளைகளின் நிலை இதனினும் கொடிது. கம்போடியா, நேபாளம் ஆகிய நாடுகளில் அநாதை இல்லங்கள் என்று பெயர் பெற்றவற்றில் வாழ்ந்த பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். தொண்டரும் நன்கொடையாளரும் வருவதால் இல்லங்கள் பெருகின. இல்லங்கள் பெருகியதால் அவற்றை நிரப்பப் பிள்ளைகள் தேவைப்பட்டனர். ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று 2017 இல் இதனை நவீன அடிமைமுறையோடு சேர்த்து ஆய்ந்தது; ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019 இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்தில் அநாதை இல்லத் தொண்டுப் பயணத்தின் தீங்கு குறிக்கப்பட்டது. நாமும் இதில் தூயவர் என்று கூறிக்கொள்வதற்கில்லை. விருந்தினர் வரும் நாளில் விடுதிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வரவேற்புப் பாட்டுப் பாடச் செய்வதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! நானும் செய்ததுண்டு.

ஆக, இலிச்சின் கண்டனம் பழமையாகிவிடவில்லை. காலம் அதற்கு வலுவையே சேர்த்துள்ளது. எனினும் அவ்வுரையில் ஒரு பெருங்குறை உண்டு என்று கருதுகிறேன். அதில் மெக்சிக்கோவின் சிற்றூர் மக்கள் பேசப்படுகின்றனரேயன்றித் தாங்கள் பேசவில்லை. வட அமெரிக்கரின் அகந்தை என்ன, அவர்களுடைய செல்வம் என்ன, அவர்கள் தங்கள் ஆன்மாவுக்கு இழைத்துக்கொள்ளும் கேடு என்ன என்பதே பொருள். சிற்றூர்க்காரர் துன்புறுகின்றனர், சகித்துக்கொள்கின்றனர், அவ்வளவே. உதவ வரவேண்டாம், காண வாருங்கள், கற்க வாருங்கள் என்று முடியும்போதும், வரவேற்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் உரிமையை ஊராரிடம் அவர் ஒப்படைக்கவில்லை, தாமே அவர்களுக்காகக் கதவை மூடுகிறார், தாமே சுற்றுலாவுக்குத் திறக்கிறார். ஊரார் அழைத்தால் என்ன செய்வது? இவ்வினா அவருக்கு எழவேயில்லை.

எங்கள் வட்டாரத்தில் இவ்வினாவுக்குப் பழையதொரு வரலாறு உண்டு. வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காத்தது யாரும் கற்பித்து அன்று. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் வக்காவும் ஏரிக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் நீரில் கலக்கிறது. தழைச்சத்து மிகுந்த அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. எருவிடும் செலவு குறைவதைக் கண்ட உழவர் பறவையை விருந்தாக எண்ணினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுச் சீமையின் கலெக்டரிடம் முறையிட்டனர். கும்பினிப் படைக்கு அக்காலத்தில் நம் வாலாஜாபாத்திலேயே பாசறை இருந்தது என்பதை ஈண்டு நினைவுகூரலாம். 1798 இல் லயனல் பிளேஸ் என்னும் அக்கலெக்டர், பறவைகளைச் சுடலாகாது என்று ஆணையிட்டார். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாதபடி இராமரும் இலக்குவரும் வில்லேந்திக் காவல் நின்றதைக் கண்டதாகக் கோவில் மரபு கூறுவதும் இதே பிளேசையே. வரி வசூலில் அவர் கடுமையானவர். அவரை நல்லவராகக் காட்டுவது என் நோக்கமன்று. அந்நியர் ஒருவர் இங்குச் செய்த பயனுள்ள செயல், ஊரார் கேட்டதைச் செய்தது என்பதே கருத்து. பறவைகளைக் காக்கும் திட்டம் எதனையும் அவர் கொண்டுவரவில்லை. சுடுகிறவர் அவர் இனத்தார்; அவர்களை நிறுத்தும் அதிகாரம் அவரிடம் இருந்தது.

1936 இல் அவ்வேரி பறவைகள் சரணாலயமாயிற்று; 2022 இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. இடையில் 2020 இல், ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர்ப் பாதுகாப்பு எல்லையை மூன்றாகக் குறைக்கும் முன்மொழிவு எழுந்து, எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. வாலாஜாபாத்துக்கு வடமேற்கே பரந்தூரில் 2022 இல் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் மக்கள் தங்கள் ஏரிகளையும் வயல்களையும் காக்கக் கிராமசபைத் தீர்மானங்களை நிறைவேற்றினர். வேலை முடிந்து மாலைதோறும் கூடினர். இவர்களை எவரும் இயற்கைப் பாதுகாப்புத் தொண்டர் என்று அழைப்பதில்லை. நான்கு வாரம் வந்து மரக்கன்று நடுகிறவருக்கே அப்பெயர் உரியதாகிவிட்டது.

ஆனால் ‘ஊரார் அழைத்தனர்’ என்று கூறி அமைந்துவிடவும் இயலாது. எந்த ஊரார்? வேடந்தாங்கல் செல்லும் வழியில் உள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழனின் 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று தெரிந்தெடுக்கப்பட்டது. மேடைகளில் இதனை நாம் மக்களாட்சியின் தொட்டில் என்கிறோம். அவ்வாரியத்தில் இடம்பெறத் தன் பெயரில் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், வேதப் பயிற்சியும் வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயர் குடத்தில் விழ வழியில்லை. குடிமராமத்து என்று இன்று நாம் புகழும் பொதுப்பணியிலும் சுமை நிலமற்றோர் தோளில் ஏறியது. பயன் ஆயக்கட்டு நிலமுடையோரிடம் சென்றது. வெட்டி என்ற சொல் கூலியில்லா உழைப்பைக் குறித்துப் பின்னர் பயனின்மைக்கே பெயரானது எவ்வாறு என்று சிந்திப்பவர், ‘ஊதியமில்லாத் தொண்டு’ என்னும் தொடரை எங்கள் மக்கள் ஏன் ஐயத்துடன் கேட்கின்றனர் என்பதை உணர்வர். 1891 இல் செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அளித்த அறிக்கையும், அதற்கு ஆதரவாகக் குரல் கொடுத்த ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆதாம் ஆண்ட்ரூ போன்ற அருட்பணியாளரும், ஊரும் சேரியும் ஒன்றல்ல என்பதை அதிகாரத்தின் முன் வைத்தனர். நிலம் வேண்டும் என்பதே சேரியின் கோரிக்கை. ஆண்ட்ரூ அதனைக் கேட்டார். அவர் பணியில் குறை உண்டு. ஆனால் கேட்டார், கேட்டதை எழுதினார்.

இனி, எதிர்த்திசையில் சென்ற ஒரு பயணத்தைக் கூறவேண்டும். 2017 இன் தொடக்கத்தில், செங்கற்பட்டுப் பகுதியைச் சார்ந்த இருளர் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குச் சென்றனர். அங்குச் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அந்நாட்டுக்கே உரிய சிற்றுயிர்களை அழித்துவந்தன. அம்மாநில வனவிலங்குத் துறையும் புளோரிடாப் பல்கலைக்கழகமும் இவ்விருவரையும் வரவழைத்தன. அங்குள்ள வேட்டைக்காரர் சாலையோரமாக வண்டியில் சென்று பாம்பைத் தேட, இவர்கள் புதருக்குள் இறங்கி, தடத்தையும் எச்சத்தையும் பார்த்து நடந்தனர். இரண்டு வாரத்திற்குள் பதின்மூன்று மலைப்பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று பதினாறு அடி நீளமுள்ள பெண் பாம்பு. 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வெளிநாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புக்காக உழைத்தவர் என்று எங்கள் வட்டாரம் காட்டக்கூடிய மெய்யான சான்று இதுவே. இதில் கவனிக்கத்தக்கவை சில. அழைத்தவர் இடருக்கு உள்ளானவர். அழைக்கப்பட்டவர் ஒரு தொழிலை அறிந்தவர். அவ்வறிவு அழைத்தவரிடம் இல்லை. ஊதியம் வழங்கப்பட்டது. பாம்பு பிடிபடாவிடின் திருப்பி அனுப்பலாம். மொழிபெயர்ப்பாளர் உடன் சென்றனர், அவர்களும் வேலைக்காகவே சென்றனர். உதவி என்னும் சொல்லுக்கு அங்கு வேலையே இல்லை. இவ்வறிவு ஒருகாலத்தில் பாம்புத் தோல் வாணிபத்திற்குப் பயன்பட்டது. 1972 ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பின்னர் அவ்வழி அடைபட்டு இருளர் பிழைப்பின்றித் தவித்தனர். 1978 இல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்துப் பாம்பை மீண்டும் விட்டுவிடும் தொழிலை வகுத்தது. அதற்குத் துணைநின்ற ரோமுலசு விட்டேகர் நியூயார்க்கில் பிறந்தவர். இளமையிலேயே இந்நாட்டுக்கு வந்து, 1975 இல் இந்தியக் குடிமகனானார். இருளரிடம் பாம்பைப் பற்றிக் கற்றவர். கற்க வாருங்கள் என்ற இலிச்சின் சொல்லுக்கு அவர் பொருத்தமான சான்று. ஆனால் கற்றவர் பின்னர் துணைநிற்கவும் கூடும் என்பதை இலிச் எதிர்பார்க்கவில்லை.

நம் திருமறை இது குறித்து என்ன கூறுகிறது? அருட்பணி வரலாற்றில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட பகுதிகளுள் ஒன்று, அப்போஸ்தலர் நடபடிகள் 16 ஆம் அதிகாரத்தில் மக்கெதோனியன் பவுலை அழைக்கும் தரிசனம். அனுப்பும் சங்கங்கள் இதனைத் தங்கள் முத்திரையாகவே கொண்டன. ஆயினும் தரிசனத்தில் அழைத்த ஆடவனைப் பவுல் பிலிப்பியில் காணவில்லை. ஆற்றங்கரையில் கூடியிருந்த பெண்களையே கண்டார். இரத்தாம்பரம் விற்கும் லீதியாள் தன் வீட்டில் தங்கும்படி வற்புறுத்த, அவர் இணங்கினார். நாம் எண்ணிய அழைப்பு வேறு, சென்ற இடத்தில் கேட்கும் குரல் வேறு என்பதை இப்பகுதி காட்டுகிறது. லூக்கா 10 ஆம் அதிகாரம் இன்னும் தெளிவானது. எழுபது பேர் பணப்பையின்றி அனுப்பப்படுகின்றனர்; வைத்ததை உண்ணவேண்டும்; ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டு வெளியேற வேண்டும். தூசியை உதறுவதை நாம் ஊருக்கு எதிரான தீர்ப்பாகவே பிரசங்கித்து வந்துள்ளோம். கட்டளையில் அதுவும் உண்டு. ஆனால் அதே கட்டளை, மறுக்கும் ஆற்றலை ஊரின் கையில் வைக்கிறது. பணப்பையோடு வருகிறவனை எந்த ஏழை ஊரும் மறுப்பதில்லை. எனவே அவனுக்குத் தான் ஏற்கப்பட்டானா, பொறுத்துக்கொள்ளப்பட்டானா என்று அறிய வழியும் இல்லை.

மடலுக்கு விடை எழுதுமுன், மேற்கூறியவற்றைக் கருதி, சேகரத்தைச் சார்ந்த ஒரு சிற்றூரில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அதனை வாசித்துக் காட்டினேன். இம்முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நம் வட்டாரத்தின் இன்றைய நிலை வாசகர் அறிந்ததே. 1998 இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல், 2010 இல் ஒரகடத்தில் பெருந்தொழிற்சாலை திறக்கப்பட்டது வரையிலும் அதன் பின்னரும், வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் இருமருங்கும் மாறிவிட்டது. நாற்று நட்ட பெண்களின் மகள்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கம்பெனி வண்டியில் ஏறுகின்றனர். 2013 ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் பெருநிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடக் கோரியதிலிருந்து, சனிக்கிழமைகளில் தொழிற்சாலை அலுவலர்கள் ஒரேவிதமான சட்டையணிந்து ஏரிக்கரையில் கன்று நட வருவதும் வழக்கமாயிற்று. வெளிநாட்டுத் தொண்டர் என்பது ஆகவே எங்கள் பெண்களுக்குப் புதிதன்று.

அவர்கள் மடலைக் கேட்டுச் சிரித்தனர். பின்னர் ஒரு பெண், அந்தப் பிள்ளைகள் எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். தம் மகள் வேலை செய்யும் உதிரிபாகத் தொழிற்சாலையின் தலைமை அலுவலகம் அந்நாட்டில்தான் இருக்கிறது என்று வண்டியின் மேல் எழுதியிருப்பதாக அவர் கூறினார். “அவங்க இங்க வந்து என்ன செய்யப் போறாங்க ஐயா? அங்கேயே அந்த ஆபீசுக்குப் போயி, மூணு வருசமா எங்க பொண்ணுங்கள ஏன் நிரந்தரம் பண்ணலேன்னு கேக்கச் சொல்லுங்க. அவங்க பாஷையில கேக்கலாம் இல்ல?” என்றார். இலிச்சை வாசித்திராத ஒருவர் அவரது அறிவுரையின் சரியான பாதியை எடுத்துக்கொண்டு, அவர் தரத் தவறியதையும் சேர்த்துவிட்டார். உங்கள் ஊரிலேயே உழையுங்கள் என்று இலிச் கூறியது, எங்களை விட்டுவிடுங்கள் என்னும் பொருளில். இப்பெண் கூறியது எங்களுக்காக அங்கே உழையுங்கள் என்பது. சுடுகிறவரை நிறுத்துங்கள் என்று பிளேசிடம் முறையிட்ட வேடந்தாங்கல் உழவரின் கோரிக்கையும் இவ்வகையினதே. மக்கெதோனியாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. ஆனால் அது கடந்து வரும்படி கூறவில்லை.

இதற்கு மறுப்பும் கூட்டத்தில் எழாமலில்லை. பிள்ளைகள் வந்தால் ஆங்கிலம் பேசப் பழகலாமே என்றார் ஒருவர். வந்து எங்களோடு தங்கி எங்கள் உணவை உண்டு போகட்டும், விருந்து வருவதைத் தடுக்கலாமா என்றார் மற்றொருவர். இரண்டும் தள்ளத்தக்கவை அல்ல. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.

விடைமடலில் எழுதியவை இவை: சூலையில் பறவைகள் இரா. டிசம்பரில், இருவரோ மூவரோ, திட்டம் எதுவுமின்றி, விருந்தினராக வரலாம், வீடுகளில் தங்கலாம், வருமுன் தமிழில் எண்களும் உறவுப் பெயர்களும் கற்றுக்கொள்வது நலம். சுவருக்கு வண்ணம் பூச எங்களிடம் ஆள்கள் உள்ளனர். தொழிற்சாலையின் பெயரையும், பெண்கள் கேட்கச் சொன்ன வினாவையும் தனித்தாளில் இணைத்துள்ளேன். அதனை உரிய இடத்தில் நேரில் கேட்டு, கிடைத்த விடையை எழுதி அனுப்ப வேண்டுகிறோம். இறுதியில், அவர்களுக்குத் தொடர்பில்லாததாயினும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூதாட்டி ஒருவர் கேட்ட வினாவை உள்ளபடியே மொழிபெயர்த்து எழுதினேன். சேகரக் குழுவில் இருவர் அவ்வரியை நீக்கிவிடலாம் என்றனர். அது நீக்கப்படவில்லை. மடல் தை மாத இறுதியில் அஞ்சலில் சேர்க்கப்பட்டது.